பசுவந்தனையில் தேடிய பதினோரு நாள்

மதுரை விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஊர் பார்க்க என்றேன். எந்த ஊர் என்றார். பசுவந்தனை என்றேன். ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

நான் போனது ஒரு துக்க வீட்டுக்கு. அந்த வீட்டில் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. அவர்கள் தொலைத்த ஒன்று நான் செய்த பொருளுக்குள் இருந்தது என்பது மட்டும் தெரியும்.

ஈப்போவில் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. சனி, ஞாயிறுகளில் ஒன்பது வருடமாக இன்னொரு வேலையும் செய்கிறேன். இணைய எடிட்டர்களோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறிய ஜாவாஸ்கிரிப்ட் பிளகின் அது. திரையின் கீழ்ப்பாதியில் தமிழ் எழுத்துகளைப் பெரிது பெரிதாகக் காட்டும். தொட்டால் எழுத்து விழும். எழுதியதை எல்லாம் அந்தந்தக் கணினியிலேயே தானாகச் சேமித்துக்கொள்ளும். இலவசம்தான். கோட் திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் தளத்தில் வைத்துக்கொள்ளலாம். யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஏதாவது உடைந்தால் மட்டும் தெரியவரும். ஆரம்பத்தில் கூட இருந்த மூன்று பேரும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வருகிற புகார்களில் பாதி வசவு. நானும் சில வருடங்களாகவே, புகார்ப் பட்டியல் சிறுத்தால் போதும் என்ற மனநிலையில்தான் அதைத் திறப்பேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை மாரிச்செல்வி என்ற பெயரில் ஒரு புகார் இருந்தது. "பக்கத்தைத் திறந்தால் வெறுமையாக இருக்கிறது. அப்பா எழுதியது ஒன்றையும் காணோம்." என் கணினியில் சோதித்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. "இங்கே இந்தப் பிழை வரவில்லை, மூடுகிறேன்" என்று எழுதி மூடினேன். அன்றைக்கு மூடிய ஏழில் அது ஒன்று.

ஒரு வாரம் கழித்து அவளே திரும்ப எழுதினாள். அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல் போய்விட்டது. இரண்டு வருடமாக அவர் பேசியது முழுக்க அந்தப் பக்கத்தில்தான். இப்போது அப்பா இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். வசவு இல்லை. நான் எண் கேட்டு வாங்கிப் போன் செய்தேன். லேப்டாப்பை இனித் திறக்கவே வேண்டாம், நான் வந்து பார்க்கிறேன் என்றேன். நீங்க மலேசியால்லா என்றாள். ஆமாம் என்றேன்.

கோவில்பட்டியில் ரயிலை விட்டு இறங்கியபோது மத்தியானம். வறண்ட பூமி என்று கேள்விப்பட்டு வந்தவளுக்கு முதல்நாள் பெய்த மழையில் ஸ்டேஷன் வாசல் குளமாகக் கிடந்தது. ஈப்போவில் மழை சாயங்காலம் வந்து கழுவிவிட்டுப் போய்விடும். சாலை ஒரு மணி நேரத்தில் காய்ந்திருக்கும். இங்கே பெய்த மழை எங்கும் போகாமல் மண்ணோடு நின்றுகொண்டிருந்தது. லாட்ஜில் பையை வைத்துவிட்டுக் கீழே மெஸ்ஸில் சாப்பிட்டேன். பரிமாறியவர் என் பேச்சைக் கேட்டு, சிலோனா என்றார். மலேசியா என்றதும் மறுபடியும் ரசம் ஊற்றினார். கடைத்தெருவில் கடலைமிட்டாய் வாங்கினேன். துக்க வீட்டுக்கு இனிப்போடு போவதா என்று பிறகுதான் உறைத்தது. அதை லாட்ஜ் மேஜையிலேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஏறியது கடம்பூர் பஸ். பசுவந்தனை போகுமா என்று கேட்டதற்குக் கண்டக்டர் தலையை ஆட்டியிருந்தார். பாதி வழியில் திரும்பக் கேட்டபோது, கடம்பூரில் இறங்கி மாறிக்கொள்ள வேண்டும் என்றார். கடம்பூரில் அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். எதிர்க்கடையில் போளி சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்று வாங்கிச் சூடாகத் தின்றேன், பிறகு இன்னொன்று. அது அவ்வளவு ருசியாக இருந்ததே என்று எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது.

கடைக்காரர் ஒரு ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திவிட்டார். இரண்டு பக்கமும் உளுந்தும் மக்காச்சோளமும். ஈப்போவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை பார்வையைத் தடுக்கும். இங்கே பார்வைக்கு எதுவும் குறுக்கே வரவில்லை. கறுப்பு மண்ணும் வானமும் போய்க்கொண்டே இருந்தன. ஊருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கிய ஆட்டோ ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் புதைந்துவிட்டது. எறங்கிருங்கக்கா, கரிசல் புடிச்சா விடாது என்றார் ஓட்டுநர். இறங்கித் தள்ளினோம். வரவில்லை. மீதித் தூரம் நடந்தேன். பத்தடிக்கு ஒருதரம் செருப்பின் அடியில் மண் ஒட்டி ஒட்டிச் செங்கல் கனம் கனத்தது. கடைசியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். கணுக்கால்வரை சேற்றோடுதான் அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன்.

மாரிச்செல்விக்கு இருபத்தேழு வயதிருக்கும். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை, அங்கேயே விடுதியில் தங்கியிருக்கிறாள். எனக்காக லீவு போட்டிருந்தாள். அவள் அம்மா சண்முகத்தாய் ஒரு குடத்தைக் கொண்டுவந்து என் காலில் தானே தண்ணீர் ஊற்றினார். நான் தடுத்தும் கேட்கவில்லை. மொதல்ல சாப்பிடுங்க, பெறவு பாப்போம் என்றார். சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சோறும் பருப்புக்குழம்பும் அப்பளமும். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை இரண்டு பேரும் எதையும் கேட்கவில்லை. சுவரில் செல்வியின் அப்பா வேலுச்சாமியின் படம் இருந்தது. கழுத்தில் துண்டை இறுக்கிச் சுற்றியிருந்தார்.

நடந்ததைச் செல்விதான் சொன்னாள். வேலுச்சாமி சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் வாடகைக்கு ஓட்ட ஒரு டிராக்டரும் வைத்திருந்தவர். எட்டாவது வரைக்கும் படித்தவர். ஆபரேஷன் முடிந்து வந்தபிறகு ஒரு மாதம் சிலேட்டில் எழுதிக் காட்டினார், கை நடுங்கியது. செல்வி பள்ளிக்கூடத்தில் படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வீட்டில் சும்மா கிடந்தது. அதில் என் பிளகின் இருக்கும் ஒரு பக்கத்தைத் திறந்துவைத்து, ஒரு மௌஸும் வாங்கிக் கொடுத்தாள். அதிலிருந்து அவர் எதையும் அழித்ததே இல்லையாம். சொன்னது சொன்னதுதான் என்று எழுதிக் காட்டுவாராம். ஒரே பக்கத்தில் இரண்டு வருடம்.

கடைசியில் நோய் திரும்பி வந்தது. இன்னொரு ஆபரேஷன் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் "வேண்டாம்" என்று எழுதினார். சண்முகத்தாய் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். ஒருநாள் கோபத்தில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வந்தால்தான் இனிமேல் நீங்கள் எழுதுவதைப் படிப்பேன் என்று சொல்லிவிட்டார். சண்முகத்தாய்க்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், ஆனாலும் அதுவரை கணவர் எழுதியதை எல்லாம் அவர்தான் படித்துவந்தார். அதன்பிறகும் வேலுச்சாமி எழுதினார். எழுதிவிட்டுத் திரையை மனைவி பக்கம் திருப்பி வைப்பார். சண்முகத்தாய் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படிப் பதினோரு நாள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்த செல்வி படிக்கப் போனபோது, அவர் லேப்டாப்பை மூடிவிட்டு அம்மாவைக் கைகாட்டினாராம். பன்னிரண்டாம் நாள் விடிகாலையில் இறந்துபோனார்.

செல்வி சொல்லிக்கொண்டிருந்தபோது சண்முகத்தாய் தரையைப் பார்த்தபடி இருந்தார். முடிந்ததும் என்னிடம், அந்தப் பதினோரு நாளு எழுதுனது மட்டும் கெடச்சாப் போதும்மா, மத்ததெல்லாம் நான் படிச்சிருக்கேன் என்றார்.

பீரோவிலிருந்து லேப்டாப்பை எடுத்துவந்தாள் செல்வி. பாலிதீன் பையில் போட்டு, மேலே ஒரு துண்டையும் சுற்றி வைத்திருந்தார்கள். உலாவி எதையாவது அழித்தால் கணினிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் வட்டிலிருந்து உடனே துடைத்துவிடாது, துணுக்குகள் கிடக்கும். அவற்றை நம்பித்தான் வந்திருந்தேன். வட்டை முழுதாக நகல் எடுக்கப் போட்டுவிட்டு, இருட்டுமுன் வந்த பஸ்ஸில் கோவில்பட்டி திரும்பினேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்விட்டேன். இம்முறை சரியான பஸ். நகலைத் தோண்ட ஆரம்பித்ததும் துணுக்குகள் வந்தன. செல்வி ஒவ்வொன்றாகப் படித்தாள். மோட்டாரை அமத்து. கஞ்சி சூடு. செல்வி பஸ் ஏறிட்டாளா. மாட்டுக்குத் தண்ணி காட்டு. சண்முகத்தாய் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் காலம் சொன்னார். "இது மாடு விக்கதுக்கு முந்தி. செனையா நின்னுச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "அவிய எழுதுறது அதட்டுற மாதிரிதான் இருக்கும். பேசும்போதும் அப்படித்தான்" என்றார். அந்த இரண்டு நாளில் அவர் முகம் கொஞ்சம் இளகியது அப்போதுதான். நானும் கிடைத்துவிடும் என்றே நினைத்தேன்.

கோப்புகளின் நேரங்களைப் பார்த்தபோது ஏதோ இடித்தது. பழைய சேமிப்பு அழிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அன்றைக்கு என்ன நடந்தது என்று செல்வியிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். அன்றைக்குத்தான் அவர்கள் முதல்முறையாகத் திறந்திருக்கிறார்கள். பதினாறு கழியட்டும் என்றாராம் அம்மா. பதினாறு கழிந்ததும், முப்பது கழியட்டும் என்றாராம். முப்பதும் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, தலைக்குக் குளித்து, படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, படிக்கச் சொல்லி உட்கார்ந்தாராம். செல்வி திறந்தாள். வெள்ளையாக இருந்தது.

என் கோடைத் திறந்து பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய பதிப்பு எழுதியதை ஒரு பெட்டியில் வைத்தது என்றால், புதிய பதிப்பு வேறொரு பெட்டியில் வைக்கிறது. பக்கத்தை முதல்முறை திறக்கும்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றவேண்டும். உலாவி தருகிற இடம் குறைவு. அதனால் பழையதை நீக்கி இடம் உண்டாக்கிக்கொண்டு, பிறகு புதியதைச் சேமி என்று எழுதியிருந்தேன். இரண்டே வரி. புதிய முறைக்கு இடம் அதிகம் வேண்டும். நாலு பக்கம் எழுதுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு வருடப் பேச்சு அதில் கொள்ளவில்லை. சேமிப்பு தோற்றுவிட்டது, பழையதோ அதற்குள் நீங்கியிருந்தது. அவர்கள் பக்கம் திறக்கும்போதெல்லாம் புதிய பதிப்பைத் தானாகவே எடுத்துக்கொள்ளும் வகை. அந்தப் பதிப்பை நான் வெளியிட்டது அவர்கள் திறப்பதற்கு எட்டு நாள் முன்னால். பதினாறாம் நாள் திறந்திருந்தால் எல்லாம் இருந்திருக்கும். அவர் இறந்தபிறகும் ஒரு மாதத்துக்கு மேல், ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் பீரோவுக்குள் இருந்திருக்கிறது. செல்வி திறந்த அந்த நொடியில்தான் போனது.

அவர்கள் இரண்டு பேரும் அடுக்களையில் இருந்தார்கள். போனிலிருந்து இணையத்தை எடுத்து, இரண்டு வரிகளையும் இடம் மாற்றித் திருத்திய பதிப்பை அங்கேயே உட்கார்ந்து வெளியிட்டேன். என்ன மாறியது என்று ஒரு குறிப்பு எழுதவேண்டும். செல்வி பிளகினின் அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள், திறந்ததால்தான் போனது என்பது அவள் கண்ணில் படக்கூடாது. என்ன எழுதுவது என்று தெரியாமல் "சிறு திருத்தம்" என்று எழுதினேன்.

மத்தியானத்துக்குமேல்தான் அந்தப் பதினோரு நாளைச் சேர்ந்தது என்று சொல்லக்கூடிய ஒன்று கிடைத்தது. "நீ படிக்காட்டாலும்". அதற்கு அடுத்து வெறும் கட்டங்கள். வட்டு முழுவதையும் இரண்டு தரம் தேடினேன். வேறெதுவும் இல்லை.

செல்வி அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. எழுந்து என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டு, சன்னக் குரலில் பேசினாள்.

"அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பா. மீதிய நாம எழுதி வச்சிருவோம்க்கா. ரெண்டு வரி போதும். அப்பா எப்படி எழுதுவாவன்னு எனக்குத் தெரியும்."

முடியாது என்றேன். அது உன் அப்பா சொன்னதாகாது என்றேன். இன்னும் ஏதேதோ சொன்னேன். எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். எதுவும் அவள் காதில் விழவில்லை.

"அழிக்க மட்டும் முடிஞ்சுதுல்லா" என்றாள்.

உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இருந்ததை இருந்தபடியே படித்துக் காட்டினாள்.

சண்முகத்தாய் கேட்டுக்கொண்டு, பெறவு என்றார். அவ்வளவுதாம்மா என்றாள் செல்வி. அவர் திரைக்குக் கிட்டே போய் அந்த இரண்டு சொற்களையும் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக் கூட்டினார். கட்டங்கள் வந்த இடத்தில் விரல் நின்றது. இதெல்லாம் என்ன எழுத்து என்று என்னைக் கேட்டார். எழுத்து இல்லை, சிதைந்துபோனது அப்படித் தெரிகிறது என்றேன். இந்தச் சிதைவு என் தப்பு, நான் எழுதிய கோடில் இருந்த பிழை என்றும் சொன்னேன். அவர் வேறொன்று கேட்டார்.

"எப்பம்மா போச்சு அது? அவிய இருக்கும்போதேவா, போன பெறவா?"

"அவர் போன மறுநாளே" என்றேன்.

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் இரண்டு வரி பொய் எழுதமாட்டேன் என்று அவர் மகளிடம் நின்றிருந்தேன்.

"அப்ப நான் பதினாறு கழியட்டும், முப்பது கழியட்டும்னு தள்ளிப்போட்டதுல ஒண்ணும் போகல?"

"இல்லம்மா."

செல்வி என்னைப் பார்த்தாள். கம்ப்யூட்டர் வேலை செய்கிறவள். மறுநாள் அதை யாரும் தொடவேயில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

சண்முகத்தாய் லேப்டாப்பை மூடி, பழையபடி பாலிதீன் பைக்குள் நுழைத்தார். துண்டைச் சுற்றினார். "எப்ப போனா என்ன. நான் படிக்கலங்கது அப்படியேதான இருக்கு" என்றார். பிறகு எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, ஒரு பையில் உளுந்து கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் கோவில்பட்டி ஸ்டேஷனில் ரயில் தாமதம். பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். பினாங்கிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், மொழிபெயர்ப்பு செய்கிறவர். என் பிளகினின் அந்தப் பிழையுள்ள பதிப்பை எடுத்துத் தம் சொந்தத் தளத்தில் வைத்திருந்தார். ஆனால் தாம் எழுதிவந்த பக்கத்தை வெகுநாளாகத் திறக்காமல் இருந்திருக்கிறார். முந்தின நாள் நான் வெளியிட்ட அறிவிப்பு வந்திருக்கிறது. "சிறு திருத்தம்" என்று பார்த்ததும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, அன்று காலை பக்கத்தைத் திறந்திருக்கிறார். ஒரு நாவலின் பாதி போய்விட்டது. அவரும் திட்டவில்லை. "இது உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்று ஒரு கேள்வி மட்டும்.

தெரியும். முந்தின நாள் காலை பதினொரு மணியிலிருந்து தெரியும்.

என் பக்கத்தில் ஒரு குடும்பம் இட்லிப் பொட்டலங்களைப் பிரித்தது. அந்த வீட்டு அம்மா என்னிடமும் ஒன்றை நீட்டினார். பசியில்லை என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினேன். பிழையுள்ள முந்தைய பதிப்பு வந்தபிறகு பக்கத்தை ஒருமுறையும் திறக்காதவர்கள் இப்போது திறக்கவேண்டாம். நீங்கள் எழுதியது இன்னும் அங்கேயே இருக்கிறது. திறக்கும் நொடியில்தான் அழியும். முதலில் திருத்திய பதிப்பை மாற்றிக்கொள்ளுங்கள், பிறகு திறங்கள். இந்த உண்மையை மறைத்து "சிறு திருத்தம்" என்று எழுதியது என் தவறு. பெரிய எழுத்தில் போட்டேன். மாரிச்செல்வி கொடுத்து நான் மூடிய புகாரை மறுபடி திறந்து, அதிலும் இதையே ஒட்டினேன். செல்வியின் கண்ணில் படாதபடி அங்கே ஒட்டாமல் விட்டிருக்கலாம். ஆனால் இந்தப் பிழையைத் தேடி வருகிறவர்கள் முதலில் வந்து விழுவது அந்தப் புகாரில்தான்.

வெளியிடும் பொத்தானை அழுத்தும்முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ரயில் வருவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அழுத்தினேன். பினாங்குக்காரருக்குத் தனியாக, "தெரியும்" என்று பதில் அனுப்பினேன்.

ஜன்னலுக்கு வெளியே கறுப்பு வயல்களில் மழைத்தண்ணீர் இன்னும் நின்றது. சாத்தூர் தாண்டிய பிறகு செல்வியிடமிருந்து செய்தி வந்தது. பொதுத்தளத்தில் எழுதாமல் என் எண்ணுக்கு அனுப்பியிருந்தாள்.

"படிச்சேன்க்கா. நான் தொறந்ததாலதான்னு நேத்தே தெரிஞ்சுது. அம்மாட்ட சொல்லல."

விருதுநகர் வருவதற்குள் இன்னொன்று வந்தது.

"இனி போன் பண்ணாதீங்க. உங்க பேச்சு வந்தா அம்மா என் மூஞ்சியப் பாப்பா. எனக்கு மறைக்க வராது."

சரி என்று எழுதி அனுப்பினேன். அதன்பிறகு அந்த எண்ணை நான் கூப்பிடவில்லை.